ஆம்ப்ளிக்குக் காத்து வேணும்

ஆனைக்கொம்பன்பட்டிக்காரர்களைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும் செய்கிறவர்கள். அதற்கு மேல் கொஞ்சம் யோசித்தால் சொன்னவருக்கு அவமரியாதை என்று நினைக்கிறவர்கள். அப்படிப்பட்ட நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கினார்கள் என்றால், அப்புறம் நடந்ததற்கெல்லாம் காரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாலு பேரில் சோணைமுத்து எதிலும் முதலில் பேசுவார், அதனாலேயே தலைவர். தவமணி வண்டி ஓட்டுவான். வீரணன் எதையும் எதிர்த்துக் கேள்வி கேட்பான். பதில் என்று எதையாவது சொல்லிவிட்டால் போதும், சமாதானமாகிவிடுவான். நாலாவது ஆள் கருத்தப்பாண்டி. இவனுக்குத்தான் கல்யாணம்.

காருக்கு ஹாரன் கிடையாது. பின்னால் லைட் கிடையாது. ஆனால் பாட்டு செட் உண்டு. டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு. கீச்சுக் குரலுக்கென்று ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர் நாலு. இத்தனைக்கும் பலம் கொடுக்கிற ஆம்ப்ளிபயர் டிரைவர் சீட்டுக்கு அடியில். அந்த ஆம்ப்ளியைக் கோயிலில் வைத்துப் பூஜை போட்டபோது பூசாரி மஞ்சள் துணி சுற்றி, "பிரிச்சிராதீங்கப்பா" என்றார். அவர் சொன்னது வீடு போய்ச் சேருகிற வரைக்கும். இவர்கள் அன்றிலிருந்து பிரிக்கவே இல்லை.

நிச்சயதார்த்தத்தில் கருத்தப்பாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பேண்டு கீண்டு எதுக்கு மாமா? மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியில பாட்டைப் போட்டேன்னா உங்க கண்மாய்த் தண்ணி ஆடும்" என்றான்.

பெண்ணின் தாய்மாமன் கோட்டைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். "சரி மாப்பிள, பேண்டு சொல்லல. ஆனா ஒண்ணு. வண்டியிலேர்ந்து பாட்டு வந்தாத்தான் உங்களுக்கு மாலை. வரலைன்னா எங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நாங்க வீட்டுக்குப் போய்க்கிட்டே இருப்போம். சபையில சொல்றேன்" என்றார். ஒரு தடவை சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை அவர். உண்மையில் ஆனைக்கொம்பன்பட்டியில் பிறந்திருக்க வேண்டியவர், எப்படியோ பக்கத்து ஊரான நெடுங்கரையில் பிறந்துவிட்டார்.

கருத்தப்பாண்டிக்குப் பூங்கோதையை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவன் காரைப் பற்றிப் பேசப் பேச அவள் எழுந்து போகவில்லையாம். அந்த மாதிரிப் பெண் இனிமேல் கிடைப்பாளா என்பது அவன் கவலை. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

கல்யாணத்தன்று காலையில், நெடுங்கரைப் பிள்ளையார் கோயில் முன்னால் காரைப் பூவால் மூடி நிறுத்தினார்கள். அங்கிருந்துதான் மாப்பிள்ளை அழைப்பு. கிளம்புமுன் ஒத்திகை பார்க்கலாம் என்று சத்தத்தைத் திருகுகிற வரைக்கும் திருகினார்கள். முதலில் பாட்டு வந்தது. அப்புறம் பாட்டோடு கொறகொறவென்று ஓர் இரைச்சல். அப்புறம் கருகல் நாற்றம்.

"மண்டபத்துல பாயசம் அடிப்பிடிச்சிருச்சு போல" என்றார் சோணைமுத்து.

"மண்டபம் அங்கிட்டு இருக்கு. நாத்தம் எப்படிண்ணே இங்கிட்டு வருது?" என்றான் வீரணன்.

"காத்துல வருது."

"காத்தே இல்லையேண்ணே."

"அதான் மெதுவா வருது."

வீரணன் சமாதானமாகிவிட்டான். அந்த நேரம் பார்த்து டிரைவர் சீட்டிலிருந்து தவமணி துள்ளி வெளியே விழுந்தான். அடியிலிருந்த ஆம்ப்ளி கொதித்து, சீட்டு தோசைக்கல்லாகியிருந்தது. உடனே ஒரு சாக்கை நனைத்து, ஆம்ப்ளியின் மேல் போடாமல், தவமணியின் இடுப்பில் சுற்றிவிட்டார்கள். சுட்டது அவனுக்குத்தானே.

அப்புறம்தான் டவுனில் ஆடியோ கடை வைத்திருக்கும் ஜெயசீலனுக்குப் போன் போட்டான் கருத்தப்பாண்டி. இந்த செட்டை மாட்டிக்கொடுத்த பாவி அவர்தான்.

"அண்ணே, தவமணிக்குப் பின்பக்கம் சுடுதுண்ணே."

"டாக்டருக்குப் போன் போடு."

"ஆம்ப்ளி சுட்டுருச்சுண்ணே. பாட்டுல வேற கொறகொறங்குது. கல்யாணமே நின்னுரும் போல இருக்குண்ணே!"

ஜெயசீலன் பெருமூச்சு விட்டது நாலு பேருக்கும் கேட்டது. "சத்தத்தை முழுசா வச்சீங்களாக்கும். ட்வீட்டர் வெந்துருக்கும். நாலையும் ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டுறப்ப கொறகொற நிக்குதோ, அது போனதுன்னு அர்த்தம். அடுத்து, ஆம்ப்ளில தேவையில்லாத வயரெல்லாம் மாட்டிருப்பீங்க, அதைப் பிடுங்கிப் போடுங்க. ஆம்ப்ளியைக் காத்து படுற இடத்துல வைங்க. காத்து இல்லைன்னா கருகிரும். சும்மா சும்மா பாட்டுப் போட்டுப் பாக்காதீங்க, ஊர்வலத்துல போட்டாப் போதும். உள்ள உக்கார்றவங்க காதுல பஞ்சு வச்சுக்கங்க. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

அத்தனையும் நல்ல யோசனை. என்ன செய்ய, சொன்ன இடம் அப்படி.

முதல் ட்வீட்டரைக் கழட்டினார்கள். கொறகொற நிற்கவில்லை. ஆக, அது நல்ல ட்வீட்டர்.

"நல்லதுதானே, திருப்பி மாட்டிரலாமா?" என்றான் தவமணி.

"கழட்டத்தான் சொன்னாரு. மாட்டச் சொன்னாரா?" என்றார் சோணைமுத்து.

இரண்டாவதைக் கழட்டினார்கள், மூன்றாவதையும் கழட்டினார்கள். நிற்கவில்லை. நாலாவதைக் கழட்டியதும் நின்றுவிட்டது. குற்றவாளி அகப்பட்டதில் நாலு பேருக்கும் பெரிய சந்தோஷம். நாலாவதைக் கண்மாயில் வீசினார்கள். நல்ல ட்வீட்டர் மூன்றையும் துடைத்து, பட்டுச் சேலையும் பழமும் இருந்த சீர்த்தட்டில் பத்திரமாக வைத்தார்கள்.

அடுத்து தேவையில்லாத வயர். எது தேவை, எது தேவையில்லை? காரைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள்.

"இது என்ன? கார். காருக்கு என்ன வேலை? ஓடுறது" என்று ஆரம்பித்தார் சோணைமுத்து. "ஆம்ப்ளியில இருக்கிற ஒரு வயரைப் பிடுங்குவோம். வண்டியை எடுத்துப் பாப்போம். வண்டி ஓடுச்சுன்னா அது தேவையில்லாத வயரு."

"ஓடலைன்னா?" என்றான் வீரணன்.

"அது தேவையான வயரு."

இதில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வயரைப் பிடுங்கினார்கள், வண்டி ஓடியது. இன்னொன்றைப் பிடுங்கினார்கள், அப்போதும் ஓடியது. இப்படியே பிடுங்கிப் பிடுங்கி, ஆம்ப்ளியில் ஒரு வயர்கூட மிச்சமில்லாமல் போன பிறகும் வண்டி ஜம்மென்று ஓடியது. இத்தனை காலம் இவ்வளவு குப்பையைச் சுமந்துகொண்டு திரிந்தோமே என்று கருத்தப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு ஆம்ப்ளியை மஞ்சள் துணியோடு கொண்டுவந்து, காற்றுப் படும்படி பானட்டின் மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆனால் அன்றைக்கு வேப்பிலைகூட அசையவில்லை.

"வண்டி போனா காத்து வரும்ல?" என்றான் தவமணி. ஊரில் அவனுக்கு மூளைக்காரன் என்று பெயர்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள், மஞ்சள் துணி ஆடவில்லை. அறுபதில் ஓட்டியபோது துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"அப்ப அறுபதுலதான் ஊர்வலம்" என்றார் சோணைமுத்து.

"ஜனங்க நடந்துல்ல வருவாங்க?" என்றான் வீரணன்.

"மாப்பிள்ளை மேல மரியாதை இருக்கிறவங்க கொஞ்சம் வெரசா நடக்கட்டும்."

"சரி, மண்டபத்துல நிப்பாட்டணுமே?"

இந்தக் கேள்வி எல்லோரையும் கொஞ்சம் கலக்கிவிட்டது. நின்றால் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் ஆம்ப்ளி கருகும். கருகினால் பாட்டு இல்லை, பாட்டு இல்லையென்றால் பெண் இல்லை. கருத்தப்பாண்டியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் நம்ம வண்டி நிக்கவே கூடாதுண்ணே" என்றான். அப்படியே முடிவானது.

நாலு பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறினார்கள். டாஷ்போர்டில் இருந்த பாட்டுப் பொத்தானை அமுக்கியதும் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் பாட்டு ஓடுகிறது என்று அர்த்தம். கருத்தப்பாண்டி தனக்குப் பிடித்த இடத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான்.

கோயில் வாசலில் சீர்த்தட்டோடு நின்ற பெண்கள் வலது காலை எடுத்து வைப்பதற்குள் மாப்பிள்ளை மறைந்துவிட்டார்.

மண்டபத்து வாசலில் கோட்டைச்சாமி மாலையோடு நின்றார். பூ மூடிய கார் ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. அதே வேகத்தில் அவரைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து நாலு பேரும் கும்பிட்டார்கள். கார் கண்மாயைச் சுற்றிக்கொண்டு கோயில் வழியாகத் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் நடு ரோட்டுக்கு வந்து, "நிப்பாட்டுங்கடா!" என்று கத்தினார். பஞ்சு நல்ல பஞ்சு. அவர் குதித்து ஓரத்தில் விழ, கையிலிருந்த மாலை பறந்துபோய் ஆம்ப்ளியின் மேல் சரியாக விழுந்தது. மாமன் பாட்டில் சொக்கிப்போய் ஆடுகிறார் என்று காருக்குள்ளே பேசிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு மணப்பெண் பூங்கோதை வாசலுக்கு வந்தாள். வாயசைத்துக்கொண்டும் தாளம் போட்டுக்கொண்டும் போகிற மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"என்ன மாமா, இது ஊமைப் படமா ஓடுது?" என்றாள்.

"அதைத்தாம்மா நானும் பாக்குறேன். பாட்டு வரல. கிளம்பு, வீட்டுக்குப் போவோம்."

"எத்தனை ரவுண்டு வர்றாருன்னு பாத்துட்டுப் போவோம் மாமா."

அவளுக்குக் கோபம் இருந்தது. சிரிப்பும் இருந்தது. எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐயர் உள்ளேயிருந்து முகூர்த்தம் போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் தீர்ந்ததால் வண்டி மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நிற்கக் கூடாதே! நாலு பேரும் குதித்து இறங்கித் தள்ளினார்கள். காற்றுப் பட வேண்டும் என்பதால் ஓடிக்கொண்டே தள்ளினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன்னை அழைத்துப் போகிற வண்டியைத் தானே தள்ளியபடி, கருத்தப்பாண்டி தன் கல்யாண மண்டபத்தைத் தாண்டி ஓடப் பார்த்தான்.

பூங்கோதை காரின் குறுக்கே வந்து நின்றாள். மஞ்சள் துணியை உருவி எறிந்துவிட்டு ஆம்ப்ளியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள்.

"இது ஜில்லுன்னு கிடக்கு. ஒரு வயரைக்கூடக் காணோம்."

"ஜில்லுன்னா இருக்கு? அண்ணே, ஆறிப்போச்சாம்! ரிப்பேர் முடிஞ்சுருச்சு!"

நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோட்டைச்சாமி மட்டும் அசையவில்லை. "வண்டியிலேர்ந்து பாட்டு வரணும். சபையில சொல்லிருக்கேன்" என்றார். கருத்தப்பாண்டியின் முகம் செத்துவிட்டது. தள்ளி வந்த காரையே பிடித்துக்கொண்டு, பூங்கோதையைப் பார்த்தபடி நின்றான்.

அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. தாலி கட்டுகிற நேரத்துக்கென்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நாயனக்காரர் திருமேனியைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்த வண்டிக்குள்ள போய் உக்காந்து வாசிங்க."

திருமேனி பின் சீட்டில் ஏறி நாயனத்தை எடுத்து ஊதினார். கோட்டைச்சாமி காரைச் சுற்றி வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "வண்டியிலேர்ந்து பாட்டு வருதா? வருது. எடு மாலையை!" என்றார். ஆம்ப்ளியின் மேல் கிடந்த மாலையையே எடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டார். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

தாலி கட்டிவிட்டு வந்து பார்த்தால், பூவால் அடைத்த காருக்குள் கதவைத் திறக்கத் தெரியாமல் திருமேனி மாட்டிக்கொண்டிருந்தார். வேர்வை ஆறாக ஓட, அவரை வெளியே எடுத்தார்கள்.

"யப்பா, உள்ள வெந்து போயிட்டேன்" என்றார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குத் தெரிந்த நோய். ஜெயசீலனைக் கேட்கலாம் என்றால் போன் பண்ணாதே என்று சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"இந்த செட்டு பழசைவிட நல்லாருக்குண்ணே. கொறகொற இல்ல" என்றான் கருத்தப்பாண்டி.

"காத்து மட்டும் பட்டாப் போதும்" என்றார் சோணைமுத்து. வீரணன் டாங்கில் பெட்ரோல் ஊற்றினான். தவமணி கயிற்றை எடுத்தான்.

அவன் கயிற்றை எடுத்ததைப் பார்த்த உடனே பூங்கோதை சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, மூன்று ட்வீட்டரோடு, பஸ் ஏறிவிட்டாள். ஆனைக்கொம்பன்பட்டிக்கு வந்து தானே ஆரத்தி கரைத்து, தானே சுற்றிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே போய் விளக்கேற்றினாள். பாலைக் காய்ச்சி, பழத்தை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பானட்டில் நாயனத்தோடு கட்டப்பட்ட திருமேனியைத் தாங்கியபடி கார் அறுபதில் வீட்டைத் தாண்டிப் போயிற்று. கருத்தப்பாண்டி ஜன்னல் வழியாக அவளுக்கு ஆசையோடு கை காட்டினான். காதில் புதுப் பஞ்சு.

மாப்பிள்ளைக்கு வைத்திருந்த பாலையும் அவளே குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஊரைச் சுற்றி வந்து கார் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வாய் நாயனம் கேட்டது. சும்மா சொல்லக் கூடாது, இரைச்சல் துளிகூட இல்லை. திருமேனிக்கும் அப்புறம் ஒரு பொட்டு வேர்க்கவில்லை.