ஆறில் நின்ற எண்ணிக்கை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒரு கூட்டம், பிளாஸ்டிக் தட்டை வீசிப் பிடிக்கும் ஃப்ரிஸ்பீ ஆட வந்துவிடும். ஆணும் பெண்ணும் கலந்த ஆட்டம். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் சகாயராணி. வயதில் சின்னவள்தான். ஆனாலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. எதிர் அணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்று தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. தட்டு கையில் இருப்பவர் ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்துதான் வீச வேண்டும். எதிர் அணிக்காரர் ஒருவர் முன்னால் வந்து மறித்துக்கொண்டு, நொடிக்கு ஒன்றாக ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். பத்துக்குள் வீசாவிட்டால் தட்டு எதிர் அணிக்குப் போய்விடும். எதிராளியின் வாய்தான் அங்கே கடிகாரம்.

வேதமுத்து மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவன். ஓட ஆரம்பித்தால் மணல் பறக்கும். கைக்கு எட்டாத தட்டையும் பாய்ந்து பிடித்துவிடுவான். ஆனால் தட்டு வைத்திருப்பவர் முன்னால் மட்டும் போய் நிற்க மாட்டான். அவனுக்கு நாக்கு திக்கும். மார்க்கெட்டில் அவன் வாயைத் திறந்தாலே, பக்கத்தில் இருப்பவர்கள் மிச்ச வார்த்தையை முடித்துவிடுவார்கள்.

"யோவ் வேதமுத்து, ஆளைப் புடிக்கச் சொன்னா அங்க என்னய்யா நண்டா புடிக்கிற?" என்று அதே அணியில் ஆடும் கணேசலிங்கம் கத்துவான்.

வேதமுத்து சிரித்து மழுப்பிவிடுவான்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் டீச்சரிடம் வந்தான்.

"டீச்சர், நான் நிக்கிறேன். எ... எனக்குப் பதிலா வேற யாராச்சும் எண்ணலாமா?"

"நிக்கிறவங்கதான்ண்ணே எண்ணணும்."

"நான் நடுவுல மா... மா..."

டீச்சர் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள்.

"மாட்டிக்கிட்டா, அவங்களுக்கு நேரம் கூடக் கிடைக்குமே. என்னால எல்லாரும் தோக்கணுமா?"

"அடுத்த வாரம் திருவான்மியூர் டீம் வருது. அதுல நிலோஃபர்னு ஒரு பொண்ணு. நல்லா வீசுவா. அவளை நீங்கதான் மறிக்கிறீங்க."

"டீச்சர், நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சுண்ணே."

அந்த வாரம் முழுக்க ஐஸ் பெட்டி தூக்கும்போதெல்லாம் வேதமுத்துவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தனியாக எண்ணினால் பத்து வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. யாராவது பார்த்தால் அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இழுபறியாகப் போய் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்கு ஜெயம்.

தட்டு நிலோஃபர் கையில், அவள் அணியின் எல்லைக்கோட்டை ஒட்டி. வேதமுத்து ஓடிப்போய் அவள் முன்னால் கையை விரித்து நின்றான்.

"ஒண்ணு. ரெண்டு. மூ... மூணு."

இடதுபக்கம் வீசப் பார்த்தாள். அங்கே அவன் கை இருந்தது. வலதுபக்கம் சாய்ந்தாள். அங்கேயும் அவன் கை. அவளுடைய ஆட்கள் எல்லாரையும் வேதமுத்துவின் அணிக்காரர்கள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாலு. அஞ்சு. ஆ..."

அவ்வளவுதான். நாக்கு நின்றுவிட்டது.

"ஆ... ஆ..."

கழுத்து நரம்பு புடைத்தது. முகமெல்லாம் வேர்த்தது. ஆனால் விரித்த கையை மட்டும் அவன் இறக்கவில்லை. கணேசலிங்கம் தலையில் கை வைத்தான். டீச்சர் கோட்டுக்கு வெளியே சும்மா நின்றாள்.

நிலோஃபர் அவன் வாயைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆறு என்று முடித்தும் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அணிப் பையன் ஒருவன் பிடியிலிருந்து நழுவித் தூரத்தில் தனியாக ஓடினான்.

"போடு நிலோ, இங்க போடு!"

அவள் குனிந்தாள். தட்டை மணலில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

"என்னடி பண்ற? அவர் இன்னும் ஆறே சொல்லல," என்று அந்தப் பையன் கத்தினான்.

"என் கணக்குல பத்து ஆயிடுச்சு," என்றாள் நிலோஃபர்.

வேதமுத்து தட்டை எடுத்தான். இப்போது நிலோஃபர் அவன் முன்னால் கையை விரித்து நின்று எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு என்று நிறுத்தி நிதானமாக, ஒரு நொடியையும் திருடாமல் எண்ணினாள். நாலு என்னும்போது அவள் கைக்குக் கீழே தட்டு பாய்ந்தது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கணேசலிங்கம் விழுந்து பிடித்தான்.

ஜெயித்தாகிவிட்டது.

வழக்கம்போல ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல இரண்டு அணியும் தோளில் கை போட்டு வட்டமாக நின்றார்கள். தோற்றவர்கள் முறை வந்தபோது நிலோஃபர் பேசினாள்.

"இந்த அண்ணா முன்னாடி நின்னா, வீச ஒரு பொட்டு இடம் தெரியல. இத்தனை நாளா இவரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். வேதமுத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் கலைந்தது. டீச்சர் எல்லைக்கு வைத்த கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீங்க முன்னாடியே சொ... சொல்லி வெச்சீங்களா டீச்சர்?"

"இல்லண்ணே. நான் அவகிட்ட பேசினதே இல்ல."

"அப்ப அவ அதை வீ... வீசியிருந்தா?"

"தோத்திருப்போம்."

"அ... அப்புறம்?"

டீச்சர் தட்டில் ஒட்டியிருந்த ஈர மணலைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அப்புறம் என்ன, அடுத்த ஆட்டத்துலயும் நீங்கதான் அவ முன்னாடி நிப்பீங்க."