மூன்று அரைப் பகலும் ஒரே ஓடமும்

ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட மனிதர்கள் அறியாத காலம் அது. அப்போது ஓர் ஆற்றின் நடுவே ஒரு தீவு இருந்தது. தீவில் ஓர் ஊர். அக்கரையில் கோட்டை கட்டி ஆண்டான் ஓர் அரசன். கரைக்கும் தீவுக்கும் போய்வர ஒரே ஒரு பெரிய ஓடம். அதைச் செலுத்தியவள் மருதி. துணைக்கு அவள் தம்பிமார் இருந்தார்கள்.

ஒரு நாள் மலைநாட்டிலிருந்து தூதன் வந்தான். "மேலே பெருமழை. நாளை இருட்டுவதற்குள் வெள்ளம் தீவை மூடிவிடும்" என்றான்.

அரசன் தன் அதிகாரி பொன்னாதனை அழைத்தான். "தீவைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டு வா."

பொன்னாதன் போனான். ஊர்த்தலைவரைக் கேட்டான். "மக்களைக் கரை சேர்க்க அரைப் பகல் போதும்" என்றார் அவர். இடையரைக் கேட்டான். "மாடுகளுக்கு அரைப் பகல் போதும்" என்றார் அவர். களஞ்சியக்காரரைக் கேட்டான். "நெல்லுக்கும் அரைப் பகல் போதும்" என்றார் அவரும்.

கேளுங்கள், மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. மருதியிடம் விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

"அரைப் பகல் வேலைதான் அரசே. காலையில் தொடங்கினால் உச்சிக்குள் முடிந்துவிடும்" என்றான் பொன்னாதன். அரசன் நிம்மதியாகத் தலையசைத்தான்.

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுவதும் துறைக்கு வந்து நின்றது. மக்களும் வந்தார்கள், மாடுகளும் வந்தன, நெல் மூட்டைகளும் வந்தன. மாடுகளை ஏற்றினால் குழந்தைகள் அழுதன. இறக்கிவிட்டு மூட்டைகளை ஏற்றினால் இடையர் வழிமறித்தார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார்கள். நடு ஆற்றில் ஒரு மாடு மிரண்டு ஓடம் சாய்ந்தது. மருதி திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பொன்னாதனுக்குத் தலை சுற்றியது. மூவரும் அரைப் பகல் என்றார்களே, அரைப் பகல் முடியப்போகிறதே, ஒருவர்கூட அக்கரை சேரவில்லையே. யார் தவறாகச் சொன்னது?

மூவரையும் மறுபடி கேட்டான். "நான் சொன்னது சரிதான்" என்றார்கள் மூவரும். அவன் குழப்பம் இன்னும் கூடியது.

மருதியிடம் போனான். "எல்லோருக்கும் அரைப் பகல் என்று நீதானே சொன்னாய்?"

"ஆமாம் ஐயா. தனித்தனியாக வந்து கேட்டார்கள். ஓடம் முழுதும் ஒருவருக்கே என்றால் அரைப் பகல்தான். எல்லோரும் ஒரே வேளைக்கு வந்து நிற்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. இப்போது யாரை ஏற்றட்டும்? எனக்குப் புரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்."

அப்போதுதான் பொன்னாதனுக்கு உறைத்தது. கேட்ட மூன்று அரைப் பகலையும் அவன் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒன்றாக எண்ணிவிட்டான். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? இனி மிச்சமிருப்பதோ ஓர் அரைப் பகல்தான்.

துறையில் உரக்கச் சொன்னான்: "என் கணக்குத் தவறிவிட்டது. மூன்றும் கரை சேராது. ஓடம் இனி மக்களுக்கு மட்டும். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள், நீந்துபவை பிழைக்கட்டும்."

"நெல்லை என்ன செய்வது? ஆண்டு முழுவதற்கும் சோறு அதுதான் ஐயா" என்றார் களஞ்சியக்காரர்.

பொன்னாதனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "விதைநெல்லை மட்டும் ஆளுக்கு ஒரு மடி கட்டிக்கொள்ளுங்கள். மற்றதை விட்டுவிடுவோம்."

மருதியும் தம்பிமாரும் ஓயாமல் துடுப்புப் போட்டார்கள். கடைசி ஓட்டத்தில் களஞ்சியக்காரரும் பொன்னாதனும் ஏறினார்கள். பாதி ஆறு கடக்கையில் வெள்ளம் வந்தது. ஓடம் தப்பிக் கரை தொட்டது. மாடுகளில் பாதிதான் நீந்தி வந்தன. களஞ்சியத்தின் கூரை இருட்டில் மிதந்து போனது. களஞ்சியக்காரர் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்னாதன் அரசன்முன் தலைகுனிந்தான். "மூவரிடமும் நேரம் கேட்டேன் அரசே. மூவருக்கும் ஓடம் ஒன்றுதான் என்பதை நினைக்கவில்லை. நேற்றே நினைத்திருந்தால், நேற்றே நெல்லை ஏற்றத் தொடங்கியிருக்கலாம்."

அரசன், "நீ சொன்னபோது நானும் நினைக்கவில்லை. அடுத்த அறுவடை வரை அவர்கள் என் களஞ்சியத்தில் உண்ணட்டும்" என்றான்.

அந்த ஆண்டு கோட்டையிலும் ஒரு வேளைதான் உலை வைத்தார்கள்.

ஆகவே கேட்டவர்களே, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்பவன், அத்தனை வேலைகளையும் சுமக்கப்போவது ஒரே கையா என்றும் கேட்டறிந்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.