பதினாறு கால் பல்லக்கு

வேம்பூர் ராஜா மருதப்பருக்கு ஒரு குணம். ஏதாவது ஒன்று பிடித்துவிட்டால் அதையே எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும். ஒரு தடவை அவியல் பிடித்துப்போய், ஒரு மாதம் அரண்மனையில் மூன்று வேளையும் அவியல்தான். அரசியார் தாய்வீட்டுக்குப் போன பிறகுதான் நிறுத்தினார். அந்த வருஷம் அவருக்குப் பிடித்துப்போனது படைநடை.

படைத்தலைவர் தளவாய் கொண்டல்ராயர் முன்னூறு வீரர்களை முரசு அடித்து நடத்திக் காட்டினார். டம் என்றால் முன்னூறு இடது கால். இன்னொரு டம், முன்னூறு வலது கால். ராஜா சொக்கிப்போனார். திரும்பிப் பார்த்தால், தம்முடைய பல்லக்கைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் வருகிறார்கள். ராஜாவின் முகம் சுருங்கியது.

"என்ன நடை இது? எட்டுப் பேருக்குப் பதினாறு கால். ஒன்று மேலே, ஒன்று கீழே. சந்தை கலைந்து போகிற கூட்டம் மாதிரி!"

தளவாய்க்கு வாயெல்லாம் பல். அந்தப் பல்லக்கு வேலையைத் தம் மைத்துனருடைய ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்க அவர் வெகு நாளாகக் காத்திருந்தார்.

"கட்டுப்பாடு இல்லாத பயல்கள், மகாராஜா. போதாக்குறைக்கு வழிநெடுகக் கூச்சல் வேறு. மூன்று நாள் என்னிடம் விடுங்கள். அப்போதும் திருந்தாவிட்டால் ஊரைவிட்டே விரட்டிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்! நடை பிசகினால் எட்டுக் குடும்பமும் எல்லைக்கு அந்தப் பக்கம்."

பல்லக்குக்காரர்களின் தலைவன் பேச்சிமுத்து நேராக அம்பலவாணர் வீட்டுக்கு ஓடினான். அம்பலவாணர் சபையில் விகடம் பேசுகிறவர். ராஜாவையே கேலி செய்துவிட்டு, ராஜாவுக்கு முந்திச் சிரித்துவிடுவார்.

"சாமி, எல்லாரும் ஒரே நேரத்துல இடது காலை வச்சா எல்லாத் தோளும் ஒண்ணாச் சாயும்லா? பல்லக்கு ஊஞ்சலா ஆடிரும். நாங்க மாத்தி மாத்தி வைக்கோம். ஒருத்தன் தோளு இறங்கும்போது இன்னொருத்தன் தோளு ஏறும். உள்ள இருக்கவருக்கு ஒண்ணும் தெரியாது."

"கூச்சல் போடுகிறீர்கள் என்றாரே?"

"பின்னால நிக்கவனுக்குத் தரை எங்க தெரியும்? முன்னால போறவன் 'கல்லு'ம்பான், 'பள்ளம்'பான். அதைக் கேட்டுத்தான் நாங்க காலை வைக்கோம். இப்பம் வாயைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. பொண்டாட்டி பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க சாமி போவோம்?"

சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. அம்பலவாணருக்கும் மனசு கேட்கவில்லை.

"அழாதே. தளவாய் சொல்கிறபடியே நடங்கள். மயிரிழை பிசக வேண்டாம்."

"அப்படி நடந்தா..."

"நடங்கள் என்கிறேன்!"

மூன்றாம் நாள் மதியம் ராஜா பல்லக்கில் ஏறக் காலை எடுத்து வைத்தார். அம்பலவாணர் குறுக்கே வந்து கும்பிட்டார்.

"மகாராஜா, பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கு முதல் மரியாதை செய்ய வேண்டாமா? தளவாய் ஏறட்டும்."

தளவாய்க்குப் பெருமை தாங்கவில்லை. விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றைத் தடவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முரசு ஒலித்தது. டம்! எட்டு இடது கால். பல்லக்கு இடது பக்கம் சாய்ந்தது. டம்! எட்டு வலது கால். வலது பக்கம் சாய்ந்தது. நான்காவது டம்முக்குத் தலைப்பாகை வெளியே வந்து விழுந்தது. கோட்டை வாசல் படியைப் பின்னால் தூக்கி வந்த நான்கு பேரும் பார்க்கவில்லை. யாரும் 'படி' என்று சொல்லவும் இல்லை. நால்வரும் தடுக்கியதில் தளவாயின் தலை கூரையில் போய் இடித்தது. இறங்கும்போது அவர் முகம் வாழையிலை நிறத்தில் இருந்தது. சாப்பிட்ட பாயசத்தை மதில் ஓரமாக விட்டுவிட்டு வந்தார்.

"வேண்டுமென்றே குலுக்கிவிட்டார்கள், மகாராஜா! இன்றைக்கே விரட்டுங்கள்!"

ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒன்றாக நடந்தால் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? குலுக்கியது குறும்புதான். அம்பலவாணரே, நீர் இவர்கள் பக்கம். ஒரு காலைப் போல இன்னொரு கால் போகாமலே ஒழுங்காக ஊர் போய்ச் சேருகிற ஜீவன் ஒன்றைக் காட்டும். பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால் எட்டுப் பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பேச்சிமுத்து அம்பலவாணரைப் பார்த்தான். அம்பலவாணரோ மெல்லத் தோட்டத்துப் பக்கம் போனார். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஈரச் சுவரிலிருந்து எதையோ ஒரு பூவரச இலையில் ஏந்திக்கொண்டு வந்தார். ராஜாவின் முன்னால் வைத்தார். சுருண்டு கிடந்தது ஒரு மரவட்டை.

"நடக்கவே காணோமே?" என்றார் ராஜா.

"தளவாயைப் பார்த்துப் பயந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்."

மரவட்டை மெதுவாக நிமிர்ந்தது. நடந்தது. ராஜா குனிந்தார். இன்னும் குனிந்தார். ஒரு கால் ஊன்றும்போது அடுத்தது எழுந்தது, அதற்கடுத்தது எழப் பார்த்தது. பின்னாலிருந்து முன்னால் வரை அலை அலையாகக் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. முதுகு மட்டும் ஆடவில்லை.

"அடேயப்பா! எத்தனை கால்! முதுகில் தீர்த்தச் செம்பு வைத்தாலும் தளும்பாது போலிருக்கிறதே!"

தளவாய் விடவில்லை. "ஒழுங்கற்ற பூச்சி! என்னிடம் விட்டால் இதையும் திருத்திக் காட்டுவேன்!"

"தாராளமாக," என்றார் அம்பலவாணர். "எல்லா இடது காலையும் தூக்கு, எல்லா வலது காலையும் தூக்கு என்று முரசு அடியுங்கள். பக்கத்திலேயே நானும் நிற்கிறேன். அது உருண்டு விழும்போதெல்லாம் நிமிர்த்தி வைக்க ஒரு ஆள் வேண்டுமே!"

ராஜா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பேச்சிமுத்து, உங்கள் நடையே நடை. வாய் நிறையக் கத்திக்கொண்டே போங்கள். உங்களை யாரும் தொட மாட்டார்கள்." அம்பலவாணரின் தோளில் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு வேட்டி கிடைத்தது.

"ஏரிக்கரை வரை போய் வருவோம்," என்று ராஜா பல்லக்கில் ஏறினார். உள்ளே நகர்ந்து இடம் விட்டார். "தளவாய், நீரும் ஏறிக்கொள்ளும்."

தளவாய் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பின்னாலேயே நடந்து வருகிறேன், மகாராஜா. முரசு மட்டும் அடிக்க வேண்டாம்."