தொலையாத பந்து

நாகானோ மலைக்கு கோல்ஃப் ஆடி இளைப்பாற வந்தார் குரோதா முதலாளி. உழைத்துக் களைத்தவர்கள் அவருடைய ஆலையில் இருந்தார்கள்; இளைப்பாற அவர் வந்தார். கூடவே மூன்று விருந்தாளிகள். மட்டைப் பையைச் சுமந்தவள் அவரிடம் வேலை பார்க்கும் மிசாகோ.

பந்து விழவேண்டிய குழி மேட்டுக்கு அப்பால், மூடுபனிக்குள் இருந்தது. முதலாளி ஓங்கி அடித்தார். பந்து மூங்கில் புதருக்குள் போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என் பந்து தொலையாது. போய், அடுத்த அடிக்கு வசதியான நல்ல இடத்தில் கண்டுபிடி. இல்லையென்றால் இன்றோடு உனக்கு வேலை இல்லை."

"சரிங்க ஐயா."

மேட்டைத் தாண்டிய மிசாகோ, பையிலிருந்த அவருடைய இன்னொரு பந்தைக் குழியில் போட்டுவிட்டுக் கத்தினாள்: "ஐயா! ஒரே அடியில் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டது!"

புதர்ச் சத்தத்தைக் கேட்டிருந்தும் விருந்தாளிகள் கைதட்டினார்கள். முதலாளியும் சிரித்தார், ஒரு நொடிதான். ஒரே அடியில் குழியில் போட்டவர் ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பரிசும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கோல்ஃப் ஆடுகிறவர்களின் வழக்கம்.

"மைதானத்தில் புல் வெட்டுகிறவர்களையும் விருந்துக்குக் கூப்பிடட்டுமா ஐயா?" என்றாள் மிசாகோ.

"அது என் பந்தாக இருக்காது!"

"உங்கள் பந்துதான் தொலையாதே ஐயா."

முதலாளி புதருக்குள் நாலுகாலில் புகுந்தார். முகமெல்லாம் கீறலோடு, சேறு படிந்த பந்தை உயர்த்திக் கூவினார்: "இதோ! தொலைந்துதான் போயிருந்தது! எல்லோரும் பாருங்கள்!"

பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மிசாகோவின் வேலை போகவில்லை. நீக்கினால், விருந்துக்குப் பயந்து புதருக்குள் புகுந்த கதையையும் காரணமாகச் சொல்ல வேண்டுமே!