பழுக்க மறுத்த வெண்ணெய்ப்பழம்

எப்பவோ ஒரு காலத்துல மருங்கூர் நாட்டை இடும்பவர்மன்னு ஒரு ராஜா ஆண்டார். ஆசைப்படுறது அவர் வேலை; அந்த ஆசையைச் சுமந்து நடக்கிறது, பாவம், மத்தவங்க வேலை.

கப்பல்காரன் ஒருத்தன் கொடுத்த வெண்ணெய்ப்பழக் கொட்டையை அரண்மனைக் கொல்லையில நட்டாங்க. ஏழு வருஷம் தண்ணி சுமந்தான் தோட்டக்காரன் சுடலையாண்டி. எட்டாம் வருஷம் காய் பிடிச்சுது. ராஜா அவனைத் தட்டிக்கொடுத்தார். அது பொறுக்கலை, சபையில இருந்த அம்பலக்கூத்தருக்கு.

"பிரபு, கடல் கடந்து போனபோது நான் தின்ற பழம்தான் இது. மரத்திலேயே பழுக்க வேண்டும். தேனாக இனிக்கும்!" என்றார். மனுஷன் கடலைக் கரையில நின்னுகூடப் பார்த்ததில்லை.

ராஜா உத்தரவு போட்டார்: "பழுக்குமுன் பறிப்பவன் தலை போகும். பௌர்ணமிக்குள் பழுக்காவிட்டால் தோட்டக்காரன் தலை போகும்!"

அப்புறம் என்ன? சுடலையாண்டி மரத்தடியிலயே கிடந்தான். அணிலை விரட்டினான், வௌவாலை விரட்டினான், தூக்கத்தையும் விரட்டினான். காய் கல்லாட்டம் தொங்குச்சு. "பழுத்துத் தொலையேன்!"னு கெஞ்சினான். ம்ஹூம்.

பௌர்ணமியன்னைக்குக் காலையில காவலர்கள் அவனைச் சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க. மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினான்.

"பறித்துவிட்டான், பிரபு!" குதிச்சார் அம்பலக்கூத்தர்.

"பறிக்கலைங்க. ரெண்டு காயைக் காத்து தள்ளிவிட்டுச்சு. தலை வேணும்னா காத்துக்கிட்ட கேளுங்க. வீணாப் போகுதேன்னு என் பொண்டாட்டி அரிசிப் பானைக்குள்ள வெச்சா. அஞ்சே நாள்ல பழுத்துடுச்சு." கண்ணைக் கசக்கிக்கிட்டான். "பழுத்தாத்தான் பறிக்கணும்னு மகாராஜா சொல்றீங்க. பறிச்சாத்தான் பழுப்பேன்னு அது சொல்லுது. ரெண்டு பிடிவாதத்துக்கும் நடுவுல என்கிட்ட இருக்கிறது ஒரே தலைங்க."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு துண்டை வாயில போட்டார். "இனிக்கவே இல்லையே!"

"இனிக்காதுங்க. இன்னொண்ணை உப்பும் மிளகும் போட்டுப் பிசைஞ்சு கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டோம். நல்லாவே இருந்துச்சு."

ராஜா திரும்பினார். "அம்பலக்கூத்தரே, தேனாக இனித்ததோ? மரத்திலேயே பழுத்ததோ? நல்லது. அந்த மரத்தில் ஒரு பழம் பழுக்கும்வரை இனி நீரே காவல் இரும்!"

அம்பலக்கூத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தார்.

"சுடலையாண்டி, உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

எட்டிப் பார்த்தா, தூண்ல சாஞ்சு அவன் தூங்கிட்டிருந்தான். காவலன் உலுக்கப் போனான். ராஜா வாழ்க்கையில முதல் தடவையா குரலைத் தாழ்த்தினார்.

"எழுப்பாதே. சபை கலையட்டும்."

எல்லாரும் நுனிக்கால்ல நடந்து வெளியே போனாங்க, ராஜாவும்தான்.