பூவாணிக்குளத்தில் பறவை தங்காத வருஷம்

குருவுக்கு ஐம்பது வயது. சீடருக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. கோமதிநாயகம் கண்டுகொள்வதில்லை. பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சிரித்தாலும் அது தன்னைப் பார்த்து இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை. வெள்ளிக்கிழமை தோறும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மடத்துக்கு வருவார். ஒரு கேள்வி கேட்பார். சாமி ஒரு பதில் சொல்வார். அந்தப் பதிலில் ஒன்றிரண்டு திருத்தம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. பங்குனி வெயில் உச்சியில் நிற்கும்போது வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியவர் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். சாமி அதைப் பார்த்தார்.

"சாமி, நான் விலகுதேன்."

"எதுல இருந்து அண்ணாச்சி?"

"மையத்துல இருந்து. நாளைக்குச் சாயந்தரம் கூட்டம் இருக்கு. சொல்லிட்டு வந்துரப் போறேன்."

மையம் என்றால் பூவாணிக்குளத்து இயற்கை மையம். குளக்கரையில் ஓர் ஓட்டுக் கட்டடம். சுவரெல்லாம் பறவைப் படம், பிள்ளைகள் பார்க்க நாலைந்து பைனாகுலர், கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதைக் கட்டி மேய்ப்பது ஏழு பேர் கொண்ட ஒரு குழு. சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் டீயும் வடையும் உண்டு. மையம் தொடங்கிய நாளிலிருந்து கோமதிநாயகம்தான் தலைவர்.

"நீங்க விலகினா மையம்?"

"டாக்டரம்மாவும் புரொபசரும், நீங்க இருந்தாத்தான் நாங்க இருப்போம்னு சொல்லிட்டாக. மத்தவங்க இப்பவே கூட்டத்துக்கு வாரதில்ல. பூட்டிச் சாவியக் குடுத்துர வேண்டியதுதான்."

"ஏன் விலகணும்?"

"ஊருக்கே தெரியுமே சாமி. உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

கோமதிநாயகம் சொன்னார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அந்த மடம் கேட்டதில்லை.

குளத்துக்கு நடுவே ஒரு மண்திட்டு. திட்டு முழுக்கச் சீமைக்கருவேலம். தை பிறந்தால் நாரையும் கூழைக்கடாவும் எங்கிருந்தோ வந்து அந்த முள்ளில்தான் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். மையம் என்று ஒன்று வந்ததே அதைப் பார்க்கத்தான். ஆனால் சீமைக்கருவேலம் என்றால் நம் பக்கத்தில் யாருக்கு ஆகும்? நிலத்தடி நீரை உறிஞ்சும் பிசாசு என்று திட்டாத மேடை இல்லை. போன ஆனியில் குளம் வற்றிக் கிடந்தபோது கோமதிநாயகம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்நிய முள்ளை ஒழிப்போம், நம் மண்ணின் மரத்தை வளர்ப்போம். ஏழு பேரும் கை தட்டினார்கள். அன்றைக்கு வடை கூட இரண்டாவது ரவுண்டு வந்தது.

ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் மருதும் புங்கையும் நட்டார்கள். கன்றுக்கு ஒரு கம்பிக்கூண்டு, கூண்டுக்கு ஒரு பெயர்ப்பலகை. தலைவரின் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் கொடுமை. பறவை மேல் உயிரையே வைத்திருந்த ஏழு பேர் கூடிப் பேசி, ஒருமனதாக அதன் வீட்டை இடித்தார்கள்.

தையில் பறவை வந்தது. திட்டைச் சுற்றியது. இதோ இறங்கும், இதோ இறங்கும் என்று கோமதிநாயகம் கரையிலேயே நின்றார். இறங்க ஒரு கிளை இல்லை. சுற்றிக் களைத்தவை கரையில் வந்து கொஞ்ச நேரம் நின்றன, திரும்பவும் எழுந்து சுற்றின. வயிறு தாங்காத ஒன்றிரண்டு வெறும் மண்ணில் முட்டை இட்டன. காக்கை விடுமா? பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வானத்தில் ஒன்றும் இல்லை.

"கத்திட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் சாமி. நாரைக்குக் கத்தத் தொண்டை கிடையாது. அலகைத்தான் தட்டும்."

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம்."

"சரி."

"ஏழு பேரும்தான் கை தூக்கினோம். நான் ஒருத்தன் மட்டும் இல்ல."

"சரி."

இரண்டு 'சரி'க்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "ஒரு பரிகாரம் சொல்லுங்க சாமி. காசிக்குப் போகச் சொன்னாலும் போறேன்."

"காசியில உங்க நாரை இருக்கா?"

கோமதிநாயகம் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நட்ட கன்னு வளராதா அண்ணாச்சி?"

"கூடு தாங்குத கிளை வரணும்னா இருபது வருசம் ஆகும். அதுக்குள்ள என்னைக் கொண்டுபோய் எரிச்சிருப்பாக."

"வளந்த பிறகு பறவை வருமா?"

"தெரியாது. ஒருக்க விட்டுட்டுப் போன இடத்துக்குத் திரும்பி வந்துச்சுன்னு நான் கேள்விப்பட்டதில்ல."

"நானும் கேள்விப்பட்டதில்ல" என்றார் சாமி.

ஆறுதலாக ஒரு வார்த்தை விழும் என்று வந்தவர் கோமதிநாயகம். பொய்யாகவாவது 'வரும்' என்று சொல்லியிருக்கலாமே என்று இருந்தது அவருக்கு.

"அப்போ நான் அங்க இருந்து என்னத்தச் செய்ய? செய்ய வேண்டியதையெல்லாம்தான் செஞ்சு முடிச்சாச்சே!"

சாமி எழுந்தார். "வண்டியில பெட்ரோல் இருக்கா?"

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனார்கள். சீடர் ஓட்ட, குரு பின்னால் உட்கார்ந்து வேட்டியை இடுக்கிக்கொண்டார். வழியில் கோமதிநாயகத்துக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு நப்பாசை. சாமி ஏதாவது மந்திரம் சொல்லித் திட்டில் தண்ணீர் தெளிப்பாரோ? தலைவர் முன்னிலையில் ஒரு பூசை போலவாவது நடக்குமோ?

அப்படி எதுவும் நடக்கவில்லை. சாமி பெஞ்சுக்குக்கூடப் போகவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் மண்ணிலேயே உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"என்ன செய்யப் போறோம் சாமி?"

"துட்டி கேக்க வந்திருக்கோம். உக்காருங்க."

சாவு விழுந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை அந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். பெரிதாகப் பேச வேண்டியதில்லை. 'எப்படி ஆச்சு?' என்று கேட்டுவிட்டுக் கூட உட்கார்ந்திருந்தாலே போதும்.

உட்கார்ந்திருந்தார்கள். எதிரே திட்டு மழித்த தலை மாதிரி இருந்தது. பாதிக் கூண்டுகளில் கன்று பட்டுப்போயிருந்தது. பெயர்ப்பலகைகள் மட்டும் வெயிலில் நன்றாகப் பளபளத்தன. கரையிலிருந்தே தன் பெயரைப் படிக்க முடிந்தது கோமதிநாயகத்துக்கு. அவர் அழுதார். சத்தம் வரவில்லை. சாமி தேற்றவும் இல்லை, அழாதீர்கள் என்று சொல்லவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு பைக் வந்து நின்றது. ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்தக் குளத்துல நாரை கூட்டம் கூட்டமா இருக்கும்னு சொன்னாங்களே. எங்க சார் இருக்கு?"

கோமதிநாயகம் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலைவர் குரல் தானாக வந்துவிட்டது. "இன்னும் சீசன் ஆரம்பிக்கலம்மா. அடுத்த மாசம் வந்து பாருங்க."

"தேங்க்ஸ் சார்" என்று அவர்கள் போய்விட்டார்கள்.

பங்குனி பாதி முடிந்திருந்தது. இந்நேரத்துக்குத் திட்டில் குஞ்சுகள் சிறகு விரித்துப் பழகிக்கொண்டிருக்க வேண்டும்.

சாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் கோமதிநாயகத்துக்கு வரவில்லை. செருப்பை மாட்டினார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீய அண்ணாச்சி?"

"வீட்டுக்கு."

"சொல்லிக்கிடாமலா?"

"துட்டி வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லக் கூடாதுல்லா சாமி. அதான் சொல்லாம எந்திரிச்சேன்." அந்தத் துக்கத்திலும் முறை தவறாதவர் என்கிற பெருமை அவருக்குக் கொஞ்சம் இருந்தது.

"அது துட்டிக்கு வந்தவங்களுக்கு." சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வந்தவன். நான் சொல்லாமப் போகலாம். நீங்க வீட்டுக்காரர்லா?"

கோமதிநாயகத்தின் கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது. அதை எங்கே செருகுவது என்று தெரியாதவர் போல நின்றார்.

"கொன்னவன் சாமி நான். நான் எப்படி வீட்டுக்காரன் ஆவேன்?"

"வேற யாரு இருக்கா?"

சாமி செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே கேட்டுப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். நாலடி போனவர் திரும்பாமலே சொன்னார்.

"வாரவுக எல்லாரும் எப்படி ஆச்சுன்னு கேப்பாக அண்ணாச்சி. முதல்ல இருந்து சொல்லுததுக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும்."