கிளையோடு வைத்தியம்

அன்று காட்டோரத் தோட்டத்தில் இருந்தவர்கள்: ஒரு வெள்ளாடு, இரண்டு அணில்கள், ஓர் ஓணான், ஒரு தையல்சிட்டு. நடுவில், பதினொரு கிளைகளோடு ஓர் அத்திச் செடி. அதன் ஐந்தாம் கிளையில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டில், சிட்டின் மூன்று முட்டைகள்.

அத்தி இலைகள் எங்கும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அணில்கள் பதறிப்போய் வெள்ளாட்டாரை அழைத்து வந்திருந்தன. எல்லாப் பச்சிலையையும் தின்று பார்த்தவர் என்பதால் அவருக்கு வைத்தியர் என்று பெயர்.

வெள்ளாட்டார் ஓர் இலையை முகர்ந்தார். மென்றார். விழுங்கினார்.

"முற்றிய நோய்! கொப்புளம் கண்ட கிளையைக் கிளையோடு எடுத்துவிட வேண்டும்!"

"எடுத்து எங்கே போடுவது, வைத்தியரே?" என்றது பெரிய அணில்.

"கீழே போட்டால் மற்ற செடிக்குப் பரவும். நானே விழுங்கிக்கொள்கிறேன். என்ன செய்வது, தொழில் அப்படி!"

"ஐயா, அது நோயில்லை!" என்று கத்தியது சிட்டு. "உள்ளே சின்னப் பூச்சி குடியிருக்கிறது. வெளியே வந்ததும் நான் கொத்திவிடுவேன். செடி சாகாது!"

"தையற்காரிக்கு வைத்தியம் என்ன தெரியும்? ஓணானாரே, நீர் சொல்லும்!"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. பிறந்தது முதல் அது அப்படித்தான் ஆட்டுகிறது.

"பார்த்தீர்களா! இரண்டு பேர் சொல்லியாயிற்று!"

அணில்கள் விலகி வழிவிட்டன.

முதல் கிளை போயிற்று. பிறகு இரண்டு, மூன்று, நான்கு. கிளைக்கு ஓர் ஏப்பம். ஐந்தாம் கிளையை நோக்கி வைத்தியரின் வாய் நீண்டது. முட்டைகளுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சாண்தான். அப்போதுதான் அவருடைய இடது காது சிட்டின் கண்ணில் பட்டது.

"ஐயோ, வைத்தியரே! உங்கள் காதிலும் கொப்புளம்!"

வெள்ளாட்டார் திடுக்கிட்டார். "அது உண்ணி, அம்மா! வெறும் பூச்சி!"

"இங்கேயும் பூச்சிதானே? முற்றிய நோய்! காதைக் காதோடு எடுத்துவிடலாமா? ஓணான் அண்ணே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ஓணான் தலையை ஆட்டியது.

"இரண்டு பேர் சொல்லியாயிற்று!" என்றன அணில்கள், பல்லைத் தீட்டிக்கொண்டு.

ஆடு வேலியைத் தாண்டி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் முட்டைகள் மூன்றும் பொரிந்தன. கொப்புளத்திலிருந்து வெளிவந்த பூச்சிகள் குஞ்சுகளுக்கு இரையாயின. பழைய இலை உதிர்ந்தது. புதிய இலை துளிர்த்தது.

பிறர் கிளைக்குச் சொல்லும் வைத்தியத்தைத் தன் காதுக்குச் செய்துகொள்ளத் துணியாதவர் வைத்தியர் அல்லர், பசித்தவர். அதைத் தெரிந்துகொண்டபோது அத்திக்கு மீதி ஏழு கிளை.